கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

கேள்வி இதுதான்: கோவையிலிருந்து அப்பா அம்மா முதல்முறையாக மெல்பர்ன் வருகிறார்கள். இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆஸ்திரேலியாவின் தென்கரையோரமாகப் போகும் கிரேட் ஓஷன் ரோட்டுக்குக் காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்பிவிடலாமா? “நாலு பாறையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா” என்று வீட்டுக்காரர் வேறு கேட்கிறாராம்.

முடியுமா என்றால் முடியும். தினமும் மெல்பர்னிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்களை அப்படித்தான் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறார்கள். ஆனால் நீங்கள் அப்படிப் போகாதீர்கள். கடலோரமாகப் போய் உள்நாட்டு வழியாகத் திரும்பினால்கூட ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வரும், அதில் பாதி வளைவும் நெளிவுமான சாலை. பத்து மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்து, கடலுக்குள் தனித்தனியாக நிற்கும் ட்வெல்வ் அப்போஸல்ஸ் பாறைகள் முன்னால் நாற்பது நிமிடம் நின்று படம் எடுத்துவிட்டு வந்தால், வீட்டுக்காரர் சொன்னது உண்மையாகிவிடும், நாலு பாறையைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு ராத்திரி வழியில் தங்குங்கள், முடிந்தால் இரண்டு. இந்த ஊரில் குடியேறிப் பல வருடங்களாக வீட்டுக்கு வரும் எல்லாரையும் இந்தச் சாலையில் கூட்டிப்போகிறவன் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன்: அந்தப் பாறைகள் இந்தப் பயணத்தின் கடைசிப் பகுதி மட்டும்தான், பார்க்க வேண்டியது அந்தச் சாலையையே.

டார்க்கியில் தொடங்கி வார்ணம்பூலுக்குச் சற்று முன்னால் அலன்ஸ்ஃபோர்டில் முடியும் இந்தச் சாலை சுமார் 240 கிலோமீட்டர். இதை வெட்டியவர்கள் முதல் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிவந்த சிப்பாய்கள், ஏறக்குறைய 3,000 பேர். 1919-ல் வேலை தொடங்கி 1932-ல் முடிந்தது. அப்போது ஆஸ்திரேலியாவின் மொத்த மக்கள்தொகையே ஐம்பது லட்சம்தான், அதில் அறுபதாயிரம் பேரளவில் போரில் இறந்துபோயிருந்தார்கள், திரும்பியவர்களுக்கோ ஊரில் வேலை இல்லை. ஜீலாங் நகர மேயராக இருந்த ஹோவர்ட் ஹிட்ச்காக் என்பவர் முன்னின்று, ஒரு டிரஸ்ட் அமைத்து, நன்கொடை வசூலித்து, கடன் வாங்கி இதைத் தொடங்கினார். செத்தவர்களுக்கு நினைவுச் சின்னம், பிழைத்தவர்களுக்குக் கூலி, அதுவரை கடல் வழியாகவோ கரடுமுரடான காட்டுப் பாதையிலோதான் எட்ட முடிந்த கடற்கரை ஊர்களுக்கு ஒரு வழி, மூன்றும் ஒரே வேலையில்.

கடப்பாரை, மண்வெட்டி, குதிரை வண்டி, வெடிமருந்து, இவ்வளவுதான் கருவிகள். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் கூலி. மலைச்சரிவில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள், முகாமில் ஒரு பியானோவும் கிராமஃபோனும் பத்திரிகைகளும் இருந்தன என்று படித்தபோது எனக்கு அது மனதில் ஒட்டிக்கொண்டது. பீரங்கிச் சத்தத்தில் வருடக் கணக்கில் கிடந்துவிட்டு வந்தவர்கள், பகலில் திரும்பவும் வெடி வைத்துப் பாறை உடைத்துவிட்டு, சாயங்காலம் அந்தச் சரிவில் யாரோ பியானோ வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். 1924-ல் கேஸினோ என்ற நீராவிக் கப்பல் கேப் பேட்டன் அருகே பாறைத்திட்டில் மோதி, பாரம் குறைக்க 500 பீப்பாய் பீரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளிவிட்டது, அதெல்லாம் கரை ஒதுங்கியதும் இரண்டு வாரம் சாலை வேலை நின்றுபோனது என்று இங்கே எல்லோரும் சந்தோஷமாகச் சொல்வார்கள். எனக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஹிட்ச்காக் மட்டும் முடிவைப் பார்க்கவில்லை. 1932 நவம்பரில் திறப்பு விழா, அவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு காலமாகிவிட்டார். விழா ஊர்வலத்தில் அவருடைய காரை மட்டும் ஓட்டிப்போனார்கள். செலவை ஈடுகட்ட சில வருடம் சுங்கம் வசூலித்தார்கள், 1936-ல் சாலையை மாநில அரசிடம் ஒப்படைத்ததோடு அதுவும் நின்றது.

இதையெல்லாம் கிளம்பும் முன்பே அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்றால், என் மாமா ஒருவர் நெடுஞ்சாலைத் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரைக் கூட்டிப்போனபோது லார்ன் என்ற ஊரைத் தாண்டியதும் எல்லாரும் இடது பக்கம் கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்க, அவர் மட்டும் வலது பக்கம் மலையையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு ஒதுங்குமிடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கி, சரிவில் கம்பி வலை போட்டிருந்த இடத்தையும், தண்ணீர் வடிய விட்டிருந்த வாய்க்காலையும், கீழே தடுப்புச் சுவரின் காலையும் குனிந்து பார்த்தார். பாறையில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “மேல இருந்து கயிறு கட்டி இறங்காம இதை வெட்டியிருக்க முடியாதுப்பா, எத்தனை பேர் விழுந்தாங்களோ” என்றார். அப்புறம் வெகுநேரம் தான் வேலை பார்த்த மலைச் சாலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார், யார் யார் கூட இருந்தார்கள், எந்த மழையில் எந்த வளைவு சரிந்தது என்று. வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல, கவனித்திருக்கிறேன். எதிரெதிரே உட்கார்ந்தால் நம் அப்பாக்களுக்குப் பேச்சு வராது, காரில் எல்லோரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம், டிவி இல்லை, பக்கத்து வீடு இல்லை, மூன்று வளைவுக்கு ஒரு வார்த்தையாக ஆரம்பித்து பழைய கதை வெளியே வரும். ஒரே நாளில் ஓடித் திரும்பும் பயணத்தில் இதற்கு இடமே கிடையாது, ஓட்டுபவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பார், பின்னால் இருப்பவர்கள் தூங்கிவிடுவார்கள்.

சரி, எப்படிப் போவது என்று வருகிறேன். மெல்பர்னிலிருந்து மேற்கு நோக்கித்தான் போக வேண்டும், டார்க்கி வழியாக. நம் ஊரைப் போலவே இங்கேயும் இடது பக்கம் ஓட்டுவதால், அந்தத் திசையில் போனால் கடல் உங்கள் பக்கமே இருக்கும், நிறுத்தும் இடங்களும் இடது கையில் வரும், எதிர் வண்டியைக் கடந்து திரும்ப வேண்டியதில்லை. மறு திசையில் வந்தால் கடலுக்கும் உங்களுக்கும் நடுவில் எப்போதும் ஒரு வண்டி வரிசை. வளைவுகள் அதிகம், ஊட்டி மலைப்பாதை போல அடுக்கடுக்கான கொண்டை ஊசி இல்லை என்றாலும் லார்னிலிருந்து அப்போலோ பே வரை உள்ள நாற்பத்தைந்து கிலோமீட்டரும் வளைந்துகொண்டேதான் இருக்கும். அம்மாவுக்குப் பயணத்தில் குமட்டும் என்றால் இஞ்சி மரப்பாவோ மாத்திரையோ கையில் இருக்கட்டும், முன் சீட்டில் உட்காரட்டும். பின்னால் வரும் உள்ளூர்க்காரர் அவசரமாக இருந்தால் ஒதுங்குமிடத்தில் இடதுபுறம் விட்டு வழி கொடுத்துவிடுங்கள், மரியாதையாகக் கையைக் காட்டிவிட்டுப் போவார்.

டார்க்கியும் பெல்ஸ் பீச்சும் அலைச்சறுக்கு விளையாடுபவர்களின் ஊர், பத்து நிமிடம் நின்று அலையைப் பார்த்தால் போதும். ஏரீஸ் இன்லெட்டில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம், 1891-ல் கட்டியது, தூரத்திலிருந்தே அழகு. அடுத்து ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே மரக்கட்டைகளால் ஆன நினைவு வளைவு வரும். 1939-ல் வைத்த முதல் வளைவு இப்போது இல்லை, பின்னால் வைத்த ஒன்று 1983 பிப்ரவரியில் சாம்பல் புதன் அன்று பரவிய பெருந்தீயில் எரிந்துபோனது, இன்று நிற்பது அதற்குப் பிறகு எழுப்பியது. பக்கத்தில் சாலை வெட்டும் இரண்டு பேரின் வெண்கலச் சிலை. படம் எடுக்கிறேன் என்று நடுச் சாலையில் போய் நிற்பவர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம், அதைச் செய்யாதீர்கள், வண்டியை ஒழுங்காக நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஓரத்திலிருந்தே எடுக்கலாம்.

தீ என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லார்னுக்கு அப்புறம் வை ரிவர் என்று சின்ன ஊர், மலைச்சரிவில் வீடுகள். 2015 கிறிஸ்துமஸ் அன்று அங்கேயும் பக்கத்திலுள்ள செப்பரேஷன் க்ரீக்கிலும் 116 வீடுகள் காட்டுத்தீயில் போயின. ஆறு நாள் முன்பு மலையில் விழுந்த மின்னல் பற்றவைத்த தீ அது. பண்டிகை விருந்தை அப்படியே மேசையில் விட்டுவிட்டு ஜனங்கள் வெளியேறினார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. தீப்பட்ட யூகலிப்டஸ் மரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், பட்டை கரியாக இருக்கும், கிளை நுனியில் ஒன்றும் இருக்காது, ஆனால் அடிமரத்திலிருந்தே பச்சையும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகத் துளிர் வெடித்திருக்கும், மரத்துக்கு ரோமம் முளைத்ததைப் போல. மரப்பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் தீக்குப் பிறகு விழித்துக்கொள்கின்றன. இந்த நாட்டு மரங்கள் தீயோடு பழகியவை.

அடுத்து கென்னட் ரிவரில் நிறுத்துங்கள். கோவைக்காரர்களுக்கு இந்த இடம் தனியாக ஏதாவது சொல்லும். இங்கே கோவாலாக்கள் மரக்கவட்டில் உருண்டையாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருக்கும், அண்ணாந்து பொறுமையாகத் தேட வேண்டும், நாலு பேர் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அங்கே ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அது இருக்கட்டும், காரை விட்டு இறங்கியதும் அம்மா முதலில் சொல்லப்போவது “ஊட்டி வாசனை” என்பதுதான், வருகிற எல்லாரும் அதையே சொல்கிறார்கள். ஆட்வே மலைக்காட்டில் இயல்பாக வளரும் மரங்களில் ப்ளூ கம் என்ற யூகலிப்டஸும் ஒன்று. 1840-களில் ஆங்கிலேயர்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோய் நீலகிரியில் நட்டார்கள், விறகுக்காக. சளி பிடித்தால் நெஞ்சில் தேய்க்கும், தலையணையில் இரண்டு சொட்டு விடும் நீலகிரித் தைலம் அதே மரத்து இலையில் காய்ச்சியதுதான். நாம் நீலகிரி என்றாலே நினைக்கும் வாசனை, நீலகிரியினுடையது அல்ல.

எனக்கு இதை யோசிக்காமல் அந்த ஊரைக் கடக்க முடிவதில்லை. இங்கே அந்த மரம் காட்டுக்குச் சொந்தக்காரன், அதில் ஒரு மிருகம் பிறந்து அதன் இலையையே தின்று அதன் மேலேயே தூங்கி வாழ்ந்து முடிக்கிறது. அங்கேயோ அதே மரம் புல்வெளியை அழித்துத் தோப்பாக நின்றது, சோலைக்காடுகளுக்கு நடுவே அந்நியனாக நின்றது, தண்ணீரை உறிஞ்சுகிறது என்று இன்றைக்கும் வெட்டச் சொல்கிறார்கள், வெட்டத்தான் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். மரத்தின் மேல் தப்பு இல்லை. எங்கே கொண்டுபோய், எதை அழித்து நட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து வேர் பிடித்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்கிறோம்.

முதல் நாள் ராத்திரி அப்போலோ பேயில் தங்குவது நல்லது. மீன்பிடித் துறைமுகம் உள்ள சின்ன ஊர், அசைவம் சாப்பிடுபவர்கள் அங்கே கறி மசாலா போட்ட ஸ்காலப் பை ஒன்று சாப்பிட்டுப் பார்க்கலாம், சிப்பிக்குள் இருக்கும் சதை, நம் நாக்குக்கு ஒத்துப்போகும். அப்பா அம்மா சைவம் என்றால் நம்பிப் போக முடியாது, புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், கடற்கரையோரப் பூங்காக்களில் மேசையும், இலவசமாகப் பயன்படுத்தும் மின் அடுப்புத் தட்டும், சுத்தமான கழிப்பறையும் இருக்கும்.

ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் சால்வையைப் போர்த்தி அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். திருவாதிரை இருக்கும் வேட்டைக்காரன் (ஓரியன்) நட்சத்திரக் கூட்டம் கோடை மாதங்களில், அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, இங்கே வடக்கு வானத்தில் தலைகீழாக நிற்கும். பிறைச்சந்திரனும் நம் ஊரில் பார்த்ததுபோல் இருக்காது. எல்லாவற்றையும்விட, அகத்தியர் நட்சத்திரம். கோயம்புத்தூரில் தெற்கே தாழ்வாக, மரக்கிளைக்கு நடுவில் தேடிப் பிடிக்க வேண்டிய நட்சத்திரம் அது. அப்போலோ பேயில் கோடை ராத்திரி ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும், இந்த அட்சரேகையில் அது வருடம் முழுக்க அஸ்தமிப்பதே இல்லை. தெற்கே வந்து தங்கிவிட்டவர் என்று நாம் சொல்லும் முனிவரின் நட்சத்திரம், இவ்வளவு தெற்கே வந்தால் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிய பதிலைவிட இது ஆழமாக உள்ளே இறங்குகிறது. பகலில் வந்து பகலிலேயே போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

இரண்டாம் நாள் சாலை கடலை விட்டு ஆட்வே காட்டுக்குள் ஏறும். அப்போலோ பேயிலிருந்து சுமார் 17 கிலோமீட்டரில் மேய்ட்ஸ் ரெஸ்ட் என்று ஒரு சின்ன நடைபாதை, அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், மர நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெரணி மரங்களும், முந்நூறு வயது வரை போகும் மிர்ட்டில் பீச் மரங்களும் நிறைந்த குளிர்ந்த மழைக்காடு. ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த காலத்து மரவகை அது, அதற்கும் முன்னால் இந்தியாவும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகப் பிரிந்தன, அப்படி அண்டார்டிகாவிலிருந்து கிழிந்து பிரிந்த ஓரம்தான் நீங்கள் ஓட்டிவரும் இந்தக் கடற்கரை. கேப் ஆட்வேக்கு அருகே டைனோசர் கோவ் என்ற இடத்தில் 1984 முதல் பத்து வருடம் பாறையைக் குடைந்து தோண்டினார்கள். தாமஸ் ரிச், பட்ரிசியா விக்கர்ஸ்-ரிச் என்ற தம்பதி நடத்திய ஆய்வு அது. இந்த நிலம் தென்துருவத்தையொட்டி, மாதக்கணக்கில் இருண்டு கிடந்த காலத்தில் இங்கே வாழ்ந்த டைனோசர்களின் எலும்புகள் கிடைத்தன. பெரிய கண்ணுள்ள சின்ன வகை ஒன்றுக்குத் தங்கள் மகள் லீயலினின் பெயரை வைத்தார்கள்.

அந்தக் காடு யாரும் இல்லாத காடாகவும் இருந்ததில்லை. கடபனுட் மக்களின் நிலம் அது, ஆயிரமாயிரம் வருடங்களாக. 1846-ல் அயர் ஆற்றின் பக்கம் ஒரு நில அளவைக் குழு அவர்களைத் தாக்கிப் பலரைக் கொன்றது. க்ளெனேர் என்ற இடத்தில் சாலை அந்த ஆற்றுச் சமவெளியில் இறங்கும், பச்சைப் புல்லும் மாடுகளும் தூரத்தில் மணல்மேடுமாக, நிறுத்தி ரசிக்கத் தோன்றும் இடம். ரசியுங்கள், ஆனால் இதைத் தெரிந்துகொண்டு ரசியுங்கள். இறந்த சிப்பாய்களுக்காக இவ்வளவு நீள நினைவுச் சின்னம் கட்டிய ஒரு நாடு, அந்தச் சாலை யாருடைய நிலத்தின் மேல் போகிறது என்பதை வெகு தாமதமாகத்தான் பேசத் தொடங்கியது. நமக்கும் நம் ஊரில் பேசாமல் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன.

லேவர்ஸ் ஹில்லில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும், விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டுங்கள். அங்கிருந்து இறங்கி பிரின்ஸ்டவுனைத் தாண்டினால் நிலம் திடீரென்று தட்டையாகிவிடும், மரம் குறைந்துவிடும், காற்று அறையும். அப்போஸல்ஸ் வந்துவிட்டது.

பெயர் பன்னிரண்டு. அந்தப் பெயரை வைத்தபோதே ஒன்பது பாறைகள்தான் இருந்தன, அதற்கு முன் ‘தாய்ப்பன்றியும் குட்டிகளும்’ என்றுதான் அழைத்தார்கள். 2005 ஜூலையில் ஐம்பது மீட்டர் உயரப் பாறை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணெதிரே சில நொடிகளில் பொடிப்பொடியாகச் சரிந்தது, இப்போது எட்டு. எல்லாம் சுண்ணாம்புக்கல், சுமார் ஒரு கோடி முதல் ஒன்றரைக் கோடி வருடங்களுக்கு முன் கடலடியில் சிப்பியும் பாசியும் சின்னச் சின்ன உயிர்களின் கூடுகளும் படிந்து இறுகியது. அதனால் மிருது. கடல் முதலில் குகை குடையும், குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகும், வளைவின் கூரை விழுந்தால் தனிப் பாறை, தனிப் பாறையின் அடி தேய்ந்தால் ஒருநாள் அதுவும் விழும். வருடத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் அடி தேய்கிறது. அதே நேரம் பின்னால் உள்ள செங்குத்துக் கரையிலிருந்து புதிய வளைவுகள் குடையப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. அதாவது நீங்கள் காணும் காட்சி ஒரு முடிந்த சிற்பம் இல்லை, நடந்துகொண்டிருக்கும் வேலை. உங்கள் மகளோ மகனோ உங்கள் வயதில் வந்து நின்றால் வேறு ஒன்றைத்தான் பார்ப்பார்கள். அந்த மேடையில் நின்று பார்த்தால் கடலைத் தவிர ஒன்றும் இல்லை, நேர் தெற்கே போனால் அடுத்து வரும் நிலம் அண்டார்டிகா. அவ்வளவு தூரம் தடையே இல்லாமல் ஓடிவந்த அலைதான் இங்கே வந்து மோதுகிறது, பாறைகள் கரைவது ஏன் என்று அப்போது புரியும்.

சில கிலோமீட்டர் தள்ளி லண்டன் பிரிட்ஜ் என்று இரட்டை வளைவாக ஒன்று இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று கரையோடு இருந்த வளைவு இடிந்து விழுந்தது. சற்று முன்தான் அதைக் கடந்து அந்தப் பக்கம் போயிருந்த இருவர் கடல் நடுவே பாறை மேல் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டர் வந்து மீட்டது. வேலிக்கு அப்பால் போகாதீர்கள் என்று அங்கே பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

அப்போஸல்ஸில் கூட்டம் அதிகம், நேரமும் அதிகம் வேண்டாம். எஞ்சிய நேரத்தைப் பக்கத்தில் லாக் ஆர்ட் என்ற பாறைப் பிளவுக்குக் கொடுங்கள். 1878 ஜூன் 1 அதிகாலை, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் கடலில் வந்த லாக் ஆர்ட் என்ற கப்பல், மறுநாள் மெல்பர்ன் போய்ச் சேரலாம் என்ற நிலையில், மூடுபனியில் இந்தக் கரையில் மோதியது. கப்பலில் 54 பேர். பிழைத்தவர்கள் இரண்டே பேர்: டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமி, ஈவா கார்மைக்கேல் என்ற ஐரிஷ் பெண். இருவருக்கும் இருபது வயதை ஒட்டித்தான். டாம் கரையேறிய பிறகு கடலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டுத் திரும்ப நீந்திப்போய் அவளை இழுத்துவந்து ஒரு குகையில் கிடத்தி, கரை ஒதுங்கிய பிராந்தியைக் கொடுத்து உயிர் காத்தான், பிறகு செங்குத்துப் பாறையில் ஏறி உதவி தேடினான். ஈவாவின் பெற்றோரும் கூட வந்த உடன்பிறப்புகளும் போய்விட்டார்கள். பத்திரிகைகள் இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று எழுதித் தீர்த்தன, ஈவா சில மாதங்களில் அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அவள் முடிவு சரி என்றே படுகிறது, குடும்பத்தையே விழுங்கிய கரையில் எதற்கு இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் உயர்ந்த சுவருக்கு நடுவில், குறுகிய வாய் வழியே கடல் உள்ளே வரும் அந்தச் சின்ன மணல்வெளியில் நிற்கும்போது, குடியேற்றம் என்ற ஒன்றை வேறு அளவில் பார்க்கத் தோன்றும். நாம் சென்னையில் ஏறிப் படம் பார்த்துக்கொண்டே வந்து இறங்குகிறோம், கையில் போன், ராத்திரி வீடியோவில் அம்மா முகம். அன்றைக்குக் கப்பல் ஏறினால் பெரும்பாலோர்க்குத் திரும்பிப் பார்ப்பது என்பதே கிடையாது. அந்தச் சரக்கில் இருந்த மின்டன் பீங்கான் மயில், மெல்பர்ன் கண்காட்சிக்காக வந்தது, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவு, பெட்டிக்குள் கிட்டத்தட்ட சேதமில்லாமல் கரை ஒதுங்கியது. வார்ணம்பூல் வரை போனால் ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வருவதாக இருந்தால் வார்ணம்பூலை விட்டுவிடாதீர்கள், லோகன்ஸ் பீச்சில் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கரைக்கு அருகே நிற்கும்.

அப்பாவின் முழங்காலுக்கு: அப்போஸல்ஸ் பார்வை மேடைக்குப் போகும் பாதை சமதளம், சக்கர நாற்காலியே போகும். லண்டன் பிரிட்ஜ், பே ஆஃப் ஐலண்ட்ஸ் இரண்டும் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கம். கிப்சன் ஸ்டெப்ஸில் 86 படி, அது அவருக்கு வேண்டாம், அதுவும் பாறை சரிவு காரணமாக அடிக்கடி மூடிவிடுகிறார்கள். லாக் ஆர்ட் மணலுக்கு இறங்கவும் படிதான், அவர் மேலே பார்வை மேடையில் இருக்கட்டும், கல்லறைத் தோட்டமும் மேலேதான். லார்னில் எர்ஸ்கின் அருவிக்கு அடிவரை இறங்காமல் மேல் மேடையோடு நிறுத்திக்கொள்ளலாம், டெடீஸ் லுக்அவுட்டுக்கு நடையே அதிகம் இல்லை. ஜனவரியாக இருந்தாலும் ஸ்வெட்டரும் காதை மூடக் குல்லாவும் எடுங்கள், இங்கே ஒரே நாளில் நாலு பருவமும் வரும் என்பது வெறும் பேச்சு இல்லை. கோடையில் தீ எச்சரிக்கை உள்ள நாளில் கிளம்பவே வேண்டாம், மழை நாட்களில் மண் சரிந்து சாலை மூடியிருக்கிறதா என்று காலையில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது ராத்திரி பக்கத்து ஊரான போர்ட் கேம்பெல்லில் தங்க முடிந்தால் சூரியன் மறையும் நேரத்தில் அப்போஸல்ஸுக்குத் திரும்பப் போகலாம், பஸ் கூட்டம் கிளம்பியிருக்கும், கீழே மணலில் சின்னப் பென்குவின்கள் கரையேறுவதைச் சில நாள் பார்க்கலாம், பைனாகுலர் இருந்தால் நல்லது. வீட்டுக்குத் திரும்பும்போது கடலோரமாக வராதீர்கள், கோலாக் வழியாக பிரின்சஸ் ஹைவேயைப் பிடித்தால் மூன்று மணி நேரத்தில் மெல்பர்ன். பொழுது சாயும் நேரத்திலும் இருட்டிலும் கங்காருக்கள் சாலைக்கு வரும், ஒன்று குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராகவே பிரேக் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், கடலோரச் சாலையில் ஒடித்தால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கடல்.